விழிப்புலன் இழந்தோரும் கணினியும்

கல்வியைக் கண்ணாக மதித்துப் போற்றுதல் தமிழர்தம் தொன்மரபு. அம்மரபிலே தோன்றிய கல்லூரியின் பிள்ளைகளாகிய நமக்கு அக்கருத்துப் புதியதன்று. ஆயின், புறக்கண்ணின் ஒளி குன்றியவர் அகக்கண்ணாகிய கல்வியைப் பெறுதல் எவ்வாறு என்னும் வினா அவ்வொப்புமையின் உள்ளேயே பொதிந்து கிடக்கின்றது. அவ்வினாவுக்கு மனிதர் இரு நூற்றாண்டுகளாகத் தேடிய விடைகளுட் கணினி வாயிலாகக் கிடைத்த விடை மிகப் பெரியது. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தொழிற்படுகின்றது, தமிழ் படிப்போர்க்கு அது முழுப்பயன் தருதற்கு நாம் செய்யவேண்டுவது யாது என்பவற்றை இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவாம்.

விழிப்புலன் இழந்தோர் என்றவுடன் சிறிதும் ஒளி காணாதவரையே பலரும் நினைப்பர். அவர்களினும் பார்வை பெரிதுங் குறைந்தோரே தொகையில் மிக்கவர். 2020 ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டின்படி உலகில் விழிப்புலன் அற்றோர் ஏறக்குறைய 4 கோடி 30 இலட்சம். பார்வை பெரிதுங் குறைந்தோர் ஏறக்குறைய 29 கோடி 50 இலட்சம். இவர்களுடைய குறைபாடும் ஒரு தன்மையதன்று. கண்ணழுத்த நோய் முதிர்ந்தவர்க்குச் சுற்றுப்புறம் மறைந்து நடுவிடம் மாத்திரம் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றவர்க்கு நடுவிடம் மறைந்து ஓரம் மாத்திரம் தெரியும். கண்புரை உற்றவர்க்கு எல்லாம் பனி மூடியது போலத் தோன்றும். ஆதலின் ஒருவருக்கு உதவுங் கருவி மற்றொருவருக்கு இடையூறாதலும் உண்டு. எழுத்தைப் பெரிதாக்குதல் பலருக்கு நன்மை. சுற்றுப்புறம் மறைந்தவருக்கோ எழுத்துப் பெரிதாகுந்தோறும் ஒரே பார்வையில் அகப்படுஞ் சொற்கள் குறைந்துவிடும்.

முதல் விடை விரல்நுனியிற் பிறந்தது. பிரான்சு தேசத்துச் சிற்றூர் ஒன்றில் 1809 ஆம் ஆண்டு பிறந்த லூயி பிறெயில், குதிரைச் சேணம் செய்யுந் தந்தையாரின் பட்டறையில் நேர்ந்த காயத்தின் விளைவாக இளமையிலேயே இரு கண்களின் பார்வையையும் இழந்தார். 1819 இல் பாரிசு நகரத்து விழிப்புலனற்ற இளைஞர் கல்விநிலையத்திற் சேர்ந்தார். அங்கிருந்த புத்தகங்கள் உரோம எழுத்தின் வடிவையே தாளிற் புடைத்தெழச் செய்தவை, பாரமானவை, தடவிப் படித்தற்கு அரியவை. அம்முறையால் மாணவர் தாமே எழுதுதலோ இயலாததாயிற்று. படைத்துறையைச் சேர்ந்த சாள்சு பார்பியர் என்பார் வகுத்திருந்த 12 புள்ளி முறையைப் பிறெயில் ஆராய்ந்து, அதனை 6 புள்ளிகளாகச் சுருக்கி, 1824 இல், தமது 15 ஆம் வயதிலே, புதிய முறையொன்றை ஆக்கினார். 1829 இல் அது நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். ஒவ்வொரு குறியும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கும். அவர் 1852 இல் உலக வாழ்வை நீத்தார். அவர் பயின்ற கல்விநிலையம் 1854 இலேதான் அம்முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பின்னர் அது உலகமெங்கும் பரவித் தமிழுக்கும் அமைந்தது. நம் நாட்டில் 1912 இல் தொடங்கப்பெற்ற இரத்மலானைப் பாடசாலையும், வடபகுதியிற் கைதடி நவீல்ட் பாடசாலையும் இக்கல்வியை வளர்த்து வந்தன.

எனினும், பிறெயில் நூலொன்று உருவாகுதற்கு மூல நூலை எவரேனும் ஒருவர் பெயர்த்தெழுதல் வேண்டும். சிறிய அச்சுநூலும் பிறெயிலிற் பல தொகுதிகளாக விரியும். அச்சிட்ட தாளைப் பிறர் துணையின்றித் தாமே படித்தல் கூடுமா என்பது அடுத்த வினா. அமெரிக்காவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் லின்வில், பார்வையிழந்த தம் மகளின் பொருட்டு அதற்கொரு கருவி செய்தார். 1971 இல் விற்பனைக்கு வந்த ஒப்டகொன் என்னும் அக்கருவியிலே, ஒரு கை சிறிய ஒளிப்படக் கருவியை வரியின்மேல் நகர்த்தும். மற்றைக் கையின் சுட்டுவிரலின் கீழ் 144 நுண்ணிய ஊசிகள் அவ்வெழுத்தின் வடிவில் அதிரும். 1976 இல் றே கேர்ஸ்வைல் என்பார் அச்செழுத்தை அறிந்து உரக்கப் படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டார். எழுத்தைக் காணுதல், இன்ன எழுத்தென அறிதல், அதனை ஒலியாக்குதல் ஆகிய மூன்றுந் தொழிலும் அதனுள் ஒருங்கமைந்தன. அதன் விலையோ தனிமனிதர் அணுகற்கரியது.

வீட்டிலும் அலுவலகத்திலும் கணினி பெருகியபொழுது நிலைமை மாறத் தொடங்கியது. அக்காலத்துக் கணினித் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகள் நிற்கும். அவ்வெழுத்துகள் கணினியின் நினைவகத்தில் வரிசையாக இருத்தலின் அவற்றை எடுத்துக் குரலாக மாற்றுதல் இயல்வதாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஜிம் தாச்சர் என்னுங் கணித அறிஞர், தமக்கு ஆய்வு வழிகாட்டியாயிருந்த, விழிப்புலன் அற்ற ஜெசி றைற் என்பாரோடு சேர்ந்து இத்துறையில் உழைத்தார். அவர் ஆக்கிய திரைவாசிப்பான் 1986 இல் வெளிவந்தது. ஆசிரியரின் தேவையை உணர்ந்த மாணவர் செய்த கைம்மாறு என அதனைக் கூறலாம்.

பின்னர் வின்டோஸ் போன்ற சித்திரத் திரைகள் தோன்றின. கண்ணுடையார்க்கு எளிமை தந்த அம்மாற்றம் விழிப்புலன் அற்றோர்க்குப் பெருந் தடையாய் வந்தது. திரையில் எழுத்து வரிசை மறைந்து ஓவியமே நின்றது. சுட்டியை நகர்த்தி ஓவியத்தைத் தொடுதலே கட்டளையாயிற்று. பழைய முறையில் வேலை பார்த்தவர் பலர் தம் தொழில் பறிபோகும் என அஞ்சினர். மோட்டார்ச் சைக்கிளோட்ட வீரராய் இருந்து 1978 இல் விபத்தொன்றிற் பார்வையிழந்த ரெட் கென்ரர் என்பார், 1987 இல் நண்பரொருவருடன் தொடங்கிய நிறுவனத்தின் வாயிலாக ஜோஸ் என்னுந் திரைவாசிப்பானை 1989 இல் வெளியிட்டார். அதன் வின்டோஸ் பதிப்பு 1995 இல் வந்தது. உலகெங்கும் அலுவலகங்களில் அது இடம்பெற்றது. ஆயினும் அதன் விலை நெடுங்காலம் ஆயிரம் அமெரிக்க டொலர் அளவில் நின்றது. கணினியின் விலையினும் அதனைப் பேசச் செய்யும் மென்பொருளின் விலை மிகுதல் முறையோ என்னும் கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு விடையிறுத்தவர் அவுஸ்திரேலிய இளைஞர் இருவர். மைக்கல் கறன், ஜேம்ஸ் ரே என்னும் இவ்விருவரும் விழிப்புலன் அற்றவர். சிறுவராய் இருந்தபோது இசைப் பயிற்சி முகாமொன்றிற் சந்தித்து நண்பராயினர். 2006 ஆம் ஆண்டில் மைக்கல் கறன் என்.வி.டி.ஏ. என்னுந் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார், நண்பர் துணைநின்றார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம். அதனுடன் இணைந்து வருங் குரற்பொறி தமிழையும் படிக்கவல்லது. கைத்தொலைபேசியிலும் இவ்வாறே புரட்சி நேர்ந்தது. 2009 இல் அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசியிலே திரைவாசிப்பானை உள்ளமைத்தே விற்றது. பொத்தானில்லாத வழுவழுப்பான கண்ணாடியை விழிப்புலன் அற்றவர் ஆளுதல் எங்ஙனம் என ஐயுற்றோர் வியந்தனர். விரல் எதன்மேற் படுகின்றதோ அதன் பெயரைக் குரல் சொல்லும். இருமுறை தட்டினால் அது தொழிற்படும். அன்ரொயிட் தொலைபேசிகளிலும் இத்தகைய வசதி உண்டு.

திரைவாசிப்பான் தொழிற்படும் வகையை இனிக் காண்போம். அது பெரும்பாலும் திரையின் தோற்றத்தை நோக்குவதில்லை. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பற்றி அதனை ஆக்கிய மென்பொருளிடம் மூன்று வினாக்களை வினாவுகின்றது. உன் பெயர் யாது? நீ தலைப்போ, பொத்தானோ, இணைப்போ, படமோ? உன் நிலை யாது? வருகின்ற விடையைக் குரலாக ஒலிக்கின்றது. பயன்படுத்துவோர் சுட்டியை விடுத்து விசைப்பலகையினாலேயே யாவற்றையும் இயக்குவர். நீண்ட இணையப் பக்கமொன்றை முதலிலிருந்து கேட்கவேண்டுவதில்லை. ஒரு விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம், கண்ணுடையார் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பது போல. பழகியவர் கேட்குங் குரலின் வேகத்தைப் பழகாதவர் பின்பற்றவும் மாட்டார். ஆனால், பக்கத்தை ஆக்கியவர் தலைப்பைத் தலைப்பென்று குறியாமல் எழுத்தைத் தடிப்பாக்கி மாத்திரம் விட்டிருப்பின், தாவுதற்கு இடமில்லை. படத்துக்கு விளக்கம் எழுதாதிருப்பின், படம் என்று மாத்திரம் ஒலிக்கும். வினாவுக்கு விடை எழுதிவைக்கப்படாத இடத்தில் இயந்திரம் ஊமையாகின்றது.

குரலுக்கு உடன்பிறந்த வேறு கருவிகளும் உள. கணினியோடு பொருத்தும் பிறெயிற் பலகையில் நுண்ணிய முனைகள் மின்னாற்றலால் எழுந்து தாழ்ந்து, திரையிலுள்ள வரியை விரலுக்குக் காட்டும். 40 எழுத்துக் கொண்ட பலகைக்கு ஆயிரக்கணக்கான டொலர் வேண்டும் என்பதே குறை. பார்வை குறைந்தோர்க்குத் திரையைப் பன்மடங்கு பெரிதாக்கும் மென்பொருளும், கரும்பரப்பில் வெள்ளெழுத்தாக மாற்றும் வசதியும் உண்டு; இவை இக்காலக் கணினிகளில் விலையின்றியே அமைந்துள்ளன. தொலைபேசியின் ஒளிப்படக் கருவியை நீட்டித் தாளையோ மருந்துப் பெட்டியையோ படிப்பிக்கலாம். 2015 இல் டென்மார்க்கிலே, பார்வை குறைந்த ஒருவரின் எண்ணத்திற் பிறந்த செயலியொன்றின் மூலம், தன்னார்வலர் தொலைவிலிருந்து காணொளியிற் பார்த்துச் சொல்லவுங் கூடும்.

இக்கருவிகளின் வரலாற்றை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். குறையை உடையவரோ அவரோடு உடனுறைந்தவரோ இவற்றுட் பலவற்றை ஆக்கினர். அவர்கள் தம் பங்கைச் செய்து முடித்தனர் என்றே கூறலாம். கணினி வாய்த்தவருக்குப் பேசுங் குரல் இன்று விலையின்றிக் கிடைக்கின்றது. ஆயின், அக்குரல் படித்தற்குரிய எழுத்தைத் தரவேண்டியவர் கண்ணுடையோராகிய நாமே. அவ்விடத்திலேதான், சிறப்பாகத் தமிழிலே, தடை இன்னும் நிற்கின்றது.

அத்தடை இரு வகைத்து. முதலாவது, எழுத்துருவாலே வருவது. தமிழெழுத்துகள் யுனிகோட் எனப்படும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன. எனினும் நம் நாட்டு அச்சகங்கள் பலவற்றிற் பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் இன்றும் வழங்குகின்றன. அவற்றில் உள்ளிருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்த தோற்றமே தமிழ். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டெழுதினாற் கணினி உள்ளே பதித்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளையே. கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற ஆங்கிலக் குவியல். இன்னும், அவ்வெழுத்துருக்களில் ‘கொ’ என்பதைக் கொம்பு, ககரம், அரவு எனக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில் அடிப்பர். யுனிகோட்டிலோ ககரமெய் முன்னும் உயிரின் குறி பின்னுமாக, ஒலிக்கும் ஒழுங்கில் நிற்கும். குரலுக்கு வேண்டியது அவ்வொழுங்கே.

இரண்டாவது தடை, பக்கத்தைப் படமாக்கி வைத்தலால் வருவது. பழைய நூலை ஒளிவருடிப் பி.டி.எப். கோப்பாக்கினாற் கண்ணுடையார் படிப்பர்; ஆயின் அது எழுத்தின் நிழலேயன்றி எழுத்தன்று. இதனை இரு நற்பணிகளைக் கொண்டு விளக்கலாம். 1998 ஆம் ஆண்டு பொங்கற் றிருநாளில் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டத்திலே, பல நாட்டுத் தமிழர் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி இணையத்திலிட்டனர். அத்தொண்டர் விழிப்புலன் அற்றோரை நினைந்தனரோ அல்லரோ, அந்நூல்களின் யுனிகோட் பதிப்புகளைத் திரைவாசிப்பான் இன்று தங்குதடையின்றிப் படிக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பெருந்தொகையாக ஒளிவருடி அழிவினின்றுங் காத்துள்ளது. கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாகாமற் பக்கத்தைக் காத்தல் முதற்கடமை. காத்த பக்கத்தை எழுத்தாக்குதல் அதன் தொடர்ச்சியான கடமை.

எழுத்தாக்குதற்கும் இன்று இயந்திரம் உதவும். தமிழ் அச்செழுத்தை அறியும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றின் விளைவை மனிதர் ஒருவர் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. ரகரமும் அரவும் அச்சில் ஒரே வடிவினவாகத் தோன்றும்; மெய்யெழுத்தின் புள்ளி மங்கிய தாளில் மறையும். கண் தானாகவே திருத்திக்கொள்ளும் இப்பிழைகளைக் காது திருத்திக்கொள்ளாது.

காதினால் மாத்திரம் கற்றல் போதுமோ எனின், போதாது என்பேம். குரலிலே நகரமும் னகரமும் வேறுபடா. ல, ள, ழ என்பனவும் இயந்திரக் குரலில் எளிதில் மயங்கும். கேட்டே கற்ற மாணவன் பொருளை அறிவான், எழுத்துக்கூட்டுதலில் இடர்ப்படுவான். கணிதமும் அத்தகையதே. ஆகையால் இளமையிற் பிறெயில் கற்பித்தலைக் குரற்கருவிகளின் வரவினாற் கைவிடுதல் தகாது. இங்கு மகிழ்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. யுனிகோட்டில் ஒருமுறை தட்டெழுதிய கோப்பைக் குரலாகவுங் கேட்கலாம். பெரிய எழுத்தாகவும் அச்சிடலாம். லூயி பிறெயிலின் பெயரைத் தாங்கிய லிப்லூயி என்னும் இலவச மென்பொருளினாற் பிறெயிலாகவும் மாற்றலாம். உழைப்பு ஒன்று, பயன் மூன்று.

சட்டமும் இதற்கு இடந்தந்துள்ளது. 2013 ஆம் ஆண்டு யூன் 27 ஆந் தேதி மொறொக்கோ நாட்டு மறக்கேசு நகரிலே உலக உடன்படிக்கையொன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிப்புரிமை உள்ள நூலாயினும், அச்சைப் படிக்க இயலாதோர்க்கு ஏற்ற படிகளை உரிமையாளரின் தனி இசைவின்றி ஆக்குதற்கும், நாடுவிட்டு நாடு பரிமாறுதற்கும் அது வழிசெய்கின்றது. 2016 ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அவ்வாண்டே அதில் இணைந்தது.

இனி நாம் செய்யவேண்டுவன யாவை? ஆசிரியர் தாம் வழங்குங் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் யுனிகோட்டில் எழுதுவாராக. தலைப்புகளைத் தடித்த எழுத்தால் மாத்திரம் காட்டாது, மென்பொருளில் தலைப்பெனவே குறிப்பாராக. படமும் வரைபடமும் இடம்பெறுமிடத்து, அவை உணர்த்துவதை இரண்டொரு வாக்கியத்தில் எழுதுவாராக. இணையத்தளம் அமைப்போர், நிறத்தினால் மாத்திரம் செய்தியை உணர்த்தாது, எழுத்துக்கும் பின்னணிக்குமிடையே உலக விதிமுறை கூறும் 4.5 : 1 என்னும் ஒளிர்வு விகிதத்தையேனும் பேணுவாராக. மாணவர், பழைய சஞ்சிகையின் ஒரு பக்கத்தையேனும் எழுத்தாக்கி ஒப்புநோக்குவாராயின், தமிழ்ப் பயிற்சியும் தொண்டும் ஒருங்கே கைகூடும்.

மலர்க்குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். இத்தகைய மலர்கள் அச்சேறியபின் அவற்றின் பக்கங்களைப் படமாக இணையத்தில் இடுதல் வழக்கமாயிற்று. அதனோடு, கட்டுரைகளின் யுனிகோட் வடிவையும் இடுதல் வேண்டும். அச்சகம் பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்திருப்பின், அதனை யுனிகோட்டாக மாற்றுங் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. சில மாலைப்பொழுதுகளின் உழைப்பே அதற்கு வேண்டுவது.

இது பிறர்க்குச் செய்யும் தருமம் என எவரும் எண்ணற்க. கண்புரையும் கண்ணழுத்தமும் விழித்திரைத் தளர்ச்சியும் முதுமையோடு மிகுந்து வருவன. நீரிழிவும் கண்ணைத் தாக்கும். நம் பழைய மாணவருள் மூத்தோர் பலர் தூரதேசங்களிலே தனித்திருந்து, கல்லூரி மலர் எப்போது வருமென எதிர்பார்த்திருக்கின்றனர். தம் வகுப்புத் தோழர் எழுதிய கட்டுரையை அவர் பேரப்பிள்ளையின் ஓய்வை எதிர்நோக்காது தாமே படித்தல் வேண்டும். இன்று கண்ணொளி மிக்க இளைஞரும் ஒருநாள் அந்நிலையை எய்துதல் கூடும். கல்லூரி நமக்களித்தது எழுத்தறிவு. அவ்வெழுத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் ஒருங்கே எட்டுமாறு எழுதிவைத்தல் அக்கல்வியின் பயனாகும். அப்பணியை இம்மலரிலிருந்தே தொடங்குவோமாக.